"இடம் தேவைப்பட்டால் எறிந்துவிடு" என்று கெர்னலிடம் சொல்ல முடியுமா?

தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி, நினைவகத்தைப் புரோகிராம்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். திருகோணமலையில் அவருடைய மாமா ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா என்று எடுத்த படங்களை வாடிக்கையாளரோடு இருந்து பார்த்து, அல்பத்துக்குத் தெரிவு செய்வதற்காக இவர் சீ மொழியில் ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறார். கொம்பியூட்டர் பழையது: 4 ஜீபி ரேம், லினக்ஸ், சுழலும் ஹார்ட் டிஸ்க். சுருக்கி வைத்த ஃபைலில் இருந்து ஒரு தடவை விரித்த படத்தைத் திரும்பத் திரும்ப விரிக்கக் கூடாதென்று புரோகிராம் அதை நினைவகத்திலேயே வைத்துக்கொள்கிறது. பக்கத்தில் பிரவுசரும் திறந்திருந்தால் கொம்பியூட்டர் அசையாமல் நின்றுவிடுகிறது. "அந்தப் படங்கள் போனால் எனக்கு நட்டமில்லை, ஃபைலில் இருந்து திரும்ப விரித்துக்கொள்வேன். இடம் தட்டுப்பட்டால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் இருக்கட்டும் என்று கெர்னலிடம் சொல்ல வழி இருக்கிறதா அண்ணா?" என்று கேட்டிருக்கிறார்.

வழி இருக்கிறது தம்பி. ஆனால் கெர்னலிடம் சொல்லிவிடுவது சுலபம். நீங்கள் திரும்பப் போய்க் கேட்கும்போது "இருக்கிறது" அல்லது "போய்விட்டது" என்று கெர்னல் உங்களுக்குப் பதில் சொல்கிறதா என்பதில்தான் முழு விஷயமும் தங்கியிருக்கிறது. லினக்ஸ் பல வருடம் இழுபட்டதும் இந்த இடத்தில்தான்.

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். 4000க்கு 3000 அளவுள்ள ஒரு படத்தில் 1 கோடி 20 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் விரித்த படம் 48 எம்பி. டிஸ்கில் அதே படம் ஜேபெக் ஆக 5 எம்பி அளவில் இருக்கும். இப்படி 40 படங்களை வைத்திருந்தால் 1920 எம்பி, ஏறக்குறைய பாதி ரேம். இதில் எந்தப் பகுதி முக்கியம், எது முக்கியமில்லை என்று கெர்னலுக்குத் தெரியாது. அதன் கண்ணுக்கு எல்லாம் நீங்கள் எழுதிய தரவு, தொலைக்கக் கூடாத தரவு. ஆகவே இடம் தட்டுப்பட்டதும் அந்த 48 எம்பியையும் டிஸ்கில் அதற்கென்று ஒதுக்கிய ஸ்வாப் பகுதியில் எழுதுகிறது. நீங்கள் திரும்ப அந்தப் படத்துக்குப் போனதும் 48 எம்பியையும் வாசிக்கிறது. மூல ஃபைலை வாசித்திருந்தால் 5 எம்பியோடு முடிந்திருக்கும். கொம்பியூட்டர் நிற்பதற்குக் காரணம் இந்த வேண்டாத எழுத்தும் வாசிப்பும்தான். எது பெறுமதியானது என்பது புரோகிராமுக்குத்தான் தெரியும். எப்போது இடம் தட்டுப்படும் என்பது கெர்னலுக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் பேசிக்கொள்ள ஒரு வழி வேண்டும்.

நம் கடற்கரையிலேயே இதைப் பார்க்கலாம். பருவத்துக்கு மேற்குக் கரையில் இருந்து வந்து வாடி போட்டுத் தொழில் செய்பவர்கள், காற்று மாறி ஊர் திரும்பும்போது பழைய வலை, கயிறு, மிதப்பு எல்லாவற்றையும் கொண்டு போகமாட்டார்கள். தெரிந்த ஒருவரிடம் "கிடந்தால் கிடக்கட்டும், இடம் தேவைப்பட்டால் எறிந்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அடுத்த பருவம் வந்ததும் முதல் வேலையாக என்ன செய்வார்கள்? வலை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பார்க்காமல் யாரும் வள்ளத்தைத் தள்ளுவதில்லை. இந்த மூன்று படிகளும் வேண்டும்: விட்டுவிடுவது, திரும்பக் கேட்பது, பதிலைப் பெறுவது.

சரி, லினக்ஸில் என்ன இருக்கிறது? மேட்வைஸ் என்ற சிஸ்டம் கோல், அதாவது புரோகிராம் கெர்னலை அழைக்கும் வழி, ஒன்று உண்டு. இந்த முகவரியில் இருந்து இவ்வளவு நீளத்துக்கு நான் என்ன நினைக்கிறேன் என்று கெர்னலுக்கு அறிவுரை சொல்வது. அதில் பழையது டோன்ட்நீட். பெயர் அறிவுரை போல இருந்தாலும் லினக்ஸில் அது கட்டளை. சொன்ன கணமே அந்தப் பக்கங்கள் (கெர்னல் நினைவகத்தைப் பிரித்து வைக்கும் சின்னத் துண்டுகள்) போய்விடும். அடுத்த தடவை தொட்டால் பூச்சியம் நிரம்பிய புதுப் பக்கம் வரும். யுனிக்ஸ் வகைச் சிஸ்டம்களுக்குப் பொதுவான போசிக்ஸ் தரத்தில் இதே பெயருள்ள அறிவுரை தரவை அழிக்கக் கூடாது. அதனால்தான் லினக்ஸின் வழக்கமான சீ நூலகமான ஜீலிப்சி தன்னுடைய போசிக்ஸ் வடிவத்தில் அந்த அறிவுரையைக் கெர்னலுக்கு அனுப்பாமலே விட்டுவிடுகிறது. உங்கள் தேவைக்கு டோன்ட்நீட் சரிவராது. இடம் தாராளமாக இருக்கும்போதும் அது எறிந்துவிடும்.

உங்களுக்குக் கிட்டத்தட்டப் பொருந்துவது ஃப்ரீ என்ற அறிவுரை. பிஎஸ்டி வகைகளிலும் சோலாரிஸிலும் முன்பே இருந்தது. லினக்ஸுக்கு மின்சான் கிம் எழுதிய வேலை 4.5 பதிப்பில், 2016இல் சேர்ந்தது. அது வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒவ்வொரு பக்கத்துக்கும், அதாவது வழக்கமான 4096 பைட் துண்டுக்கும், எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் பக்க அட்டவணையில் ஒரு டேர்ட்டி பிட் உண்டு. அந்தப் பக்கத்தில் யாராவது எழுதினால் புரோசசரே அதை ஏற்றிவிடும். நீங்கள் ஃப்ரீ என்று சொன்னதும் கெர்னல் அந்தப் பிட்டை இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. தரவு அப்படியே கிடக்கிறது. பிறகு இடம் தட்டுப்பட்டு கெர்னல் தேடி வரும்போது பிட்டைப் பார்க்கிறது. இறங்கியே இருந்தால் ஸ்வாப்பில் எழுதாமல் எறிந்துவிடலாம். ஏறியிருந்தால் நீங்கள் மனம் மாறி அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள், தொடாமல் விட்டுவிடுகிறது. ஆகவே அறிவுரையை வாபஸ் வாங்கத் தனியாக ஒரு சிஸ்டம் கோல் தேவையில்லை. எழுதினாலே போதும்.

எழுத வேண்டும் என்பதைக் கவனியுங்கள். வாசித்தால் போதாது. படக்காட்டி போன்ற ஒரு புரோகிராம் விரித்த படத்தை வாசிக்க மட்டும்தான் செய்யும், அதில் எழுதாது. அதனால் நீங்கள் திரையில் காட்டிக்கொண்டிருக்கும் படத்தின் பக்கமே உங்கள் கண் முன்னே போகலாம். இது எனக்கு நடந்திருக்கிறது. ஃப்ரீ வந்த புதிதில், விரித்த படங்களை வைத்துக்கொள்ள இதேபோல ஒரு கேஷ் எழுதினேன். சில நாட்களில், சில படங்களில் மட்டும், மெல்லிய கறுப்புக் கோடுகள் வந்தன. 4000 புள்ளி அகலமுள்ள படத்தில் ஒரு வரி 16,000 பைட், ஏறக்குறைய நான்கு பக்கம். ஒரு பக்கம் போனால் ஒரு வரியின் கால்வாசி நீளத்துக்குப் பூச்சியம், அதாவது கறுப்பு. டிஸ்க் பழுதா, விரிக்கும் நூலகம் பிழையா என்று மூன்று நாள் தேடினேன். கோட்டின் நீளம் எப்போதும் 1024 புள்ளி என்று அளந்து பார்த்த பிறகுதான் 1024 தடவை 4 என்றால் 4096 என்று பொறி தட்டியது. பக்கம் போயிருக்கிறது; என்னிடம் யாரும் சொல்லவில்லை.

சொல்லாததுதான் ஃப்ரீயின் குறை. விட்டுவிடலாம், திரும்ப எடுக்கலாம், ஆனால் பதில் வராது. பதிலை நாமே கறந்து எடுக்க வேண்டும். அதற்கு ஒரு நேர்த்தியான வழி இருக்கிறது, உங்கள் படங்களுக்கு அது கையுறை மாதிரிப் பொருந்தும். ஒரு புள்ளியின் நான்காவது பைட் ஒளிபுகாமையைக் குறிக்கிறது. ஜேபெக்கில் இருந்து விரித்த படத்தில் அது எல்லாப் புள்ளிக்கும் 255தான். அதாவது உங்கள் படத்தில் முழுப் பூச்சியமான புள்ளி ஒன்றுகூட இருக்க முடியாது. படத்தை விட்டுவிடும் முன், ஒவ்வொரு பக்கத்தின் முதல் புள்ளியிலும் அந்தப் பைட்டை 254 ஆக்குங்கள். பிறகு ஃப்ரீ சொல்லுங்கள். திரும்ப எடுக்கும்போது அந்தப் புள்ளியை வாசியுங்கள். பூச்சியம் என்றால் பக்கம் போய்விட்டது. இல்லையென்றால், நான் வாசித்த மதிப்பு இன்னும் அப்படியே இருந்தால் மட்டும் 254ஐ 255 ஆக்கு என்று ஒரே மூச்சில் செய்யும் அணுச் செயலைப் பயன்படுத்துங்கள். சாதாரணமாக வாசித்து, பிறகு எழுதினால் அந்த இரண்டுக்கும் நடுவில் கெர்னல் பக்கத்தை எடுத்துவிடலாம். நீங்கள் பூச்சியப் பக்கத்தில் ஒரு நல்ல புள்ளியை எழுதிவிட்டு எல்லாம் சரி என்று நினைப்பீர்கள். அணுச் செயலில் அந்த இடைவெளி இல்லை. அது வென்றால் பக்கம் முழுதாக இருக்கிறது, அதில் எழுதியும் ஆயிற்று, இனிக் கெர்னல் எறியாது. தோற்றால் போய்விட்டது. பூச்சியத்தை அணு முறையில் சேர்த்தால் போதாதா என்று தோன்றும். மதிப்பு மாறாத செயலைச் சில கொம்பைலர்கள் வெறும் வாசிப்பாகச் சுருக்கிவிடும். 254, 255 என்று மதிப்பை உண்மையாகவே மாற்றுவது அதற்காகத்தான்.

மற்ற இடங்களில் இந்தப் பதிலைக் கெர்னலே கொடுக்கிறது. அண்ட்ரொயிட் போன்களுக்காகக் கூகுளில் ரொபர்ட் லவ் எழுதிய ஆஷ்மெம்மில் 'பின்' (பூட்டுவது), 'அன்பின்' (பூட்டைத் திறப்பது) என்று இரண்டு செயல்கள் இருந்தன. பூட்டைத் திறந்துவிட்டால் கெர்னல் எடுக்க முடிந்தது. திரும்பப் பூட்டும்போது "எடுத்துவிட்டேன்" அல்லது "எடுக்கவில்லை" என்று பதில் வந்தது. விண்டோஸ் 8.1இல் இருந்து ஓஃபர், ரிக்ளெய்ம் என்று ஒரு சோடி உண்டு. விடும்போதே எவ்வளவு முக்கியம் என்று நான்கு படிகளில் ஒன்றைச் சொல்லலாம், திரும்பக் கேட்கும்போது தரவு போயிருந்தால் அதற்கென்று ஒரு பிழை எண் வரும். அப்பிளின் மேக்கில் பேர்ஜபிள் நினைவகம். நிலையை மாற்றும்போது பழைய நிலை திரும்பி வரும், அது "காலி" என்றால் போய்விட்டது. மூன்று குழுக்களும் இதே வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. சரியான வடிவம் இதுதான் என்று நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படியென்றால் பொது லினக்ஸில் ஏன் இல்லை? கொண்டுவரப் பாடுபட்டார்கள். ஜோன் ஸ்டல்ட்ஸ் 2011 தொடக்கம் 2014 வரை வொலட்டைல் ரேஞ்ச் என்ற பெயரில் பல வடிவங்களை முன்வைத்தார். மின்சான் கிம்மும் அதில் கூட உழைத்தார். ஒரு தடவை ஃபைலுக்கான அறிவுரையாக, பிறகு ஃபைலில் இடம் ஒதுக்கும் அழைப்பின் ஒரு கொடியாக, பிறகு விரேஞ்ச் என்று தனி சிஸ்டம் கோலாக. எதுவும் உள்ளே போகவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் சின்ன வேலை போலத் தெரிவதால், சிக்கல் எங்கே என்று சொல்வது அவசியம்.

எறியலாம் என்ற குறி எதன் மேல் விழுகிறது என்பது ஒரு சிக்கல். ஃபைலின் மேலா, புரோகிராமின் முகவரிப் பரப்பின் மேலா? இரண்டு புரோகிராம்கள் ஒரே நினைவகத்தைப் பகிரும்போது ஒன்று விட்டுவிட்டது, மற்றது பிடித்திருக்கிறது என்றால் யார் சொல்வது எடுபடும்? அடுத்தது, எறிந்த இடத்தைத் தெரியாமல் தொட்டால் என்ன நடக்க வேண்டும்? அமைதியாகப் பூச்சியம் கொடுத்தால் என் கறுப்புக் கோடுகள் மாதிரிப் பிழை ஒளிந்துகொள்ளும். சிக்பஸ் என்ற சிக்னலை அனுப்பினால் பிழை உடனே தெரியும், கையாளத் தெரிந்தவர் அப்போதே திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு நூலகத்துக்குள் இருந்துகொண்டு முழுப் புரோகிராமின் சிக்னலைப் பிடிப்பது கரைச்சலான வேலை. ஸ்வாப் இல்லாத கொம்பியூட்டர் இன்னொரு தலைவலி. ஸ்வாப் இல்லையென்றால் ஃபைலோடு சம்பந்தமில்லாத பக்கங்களை வெளியே எடுக்க வழியில்லை என்று கெர்னல் அந்த வரிசையைத் தேடிப் பார்ப்பதே இல்லை. எறியலாம் என்று குறித்த பக்கங்களும் அதே வரிசையில் தேடுவாரற்றுக் கிடக்கும். ஃப்ரீயும் இதில் அடிபட்டது. 4.12 பதிப்புக்கு முன் ஸ்வாப் இல்லாத கொம்பியூட்டரில் ஃப்ரீ சொன்னால் அது டோன்ட்நீட் போல உடனே எறிந்துவிடும். பிறகு அந்தப் பக்கங்களை ஃபைல் பக்கங்களின் வரிசைக்கு மாற்றி வைத்தார்கள், சரியாயிற்று.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது எதை எறிவது என்ற கேள்வி. கெர்னல் பக்கம் பக்கமாக யோசிக்கிறது. உங்கள் படம் 11,719 பக்கம். அதில் ஒன்று போனாலும் முழுப் படத்தையும் திரும்ப விரிக்க வேண்டும். வாடியில் விட்டுப் போன கரைவலையில் மடியை மட்டும் எறிந்துவிட்டுக் கயிறுகளைப் பத்திரமாக வைத்திருந்தால் யாருக்கு என்ன பலன்? பத்துப் படத்தில் பத்துப் பத்துப் பக்கம் எடுத்தால் பத்துப் படமும் நாசம், மிச்சமான இடமோ 400 கேபி. ஒரே படத்தை முழுதாக எடுத்தால் 48 எம்பி மிச்சம், ஒன்பது படம் தப்பும். ஆஷ்மெம் இதில் கெட்டித்தனமாக இருந்தது. பூட்டுத் திறந்த துண்டைத் துண்டாகவே, திறந்த ஒழுங்கிலேயே, முழுதாக எறிந்தது. ஃப்ரீயில் அந்த உறுதி இல்லை. வரிசையில் அடுத்தடுத்து இருப்பதால் பெரும்பாலும் ஒரே படத்தின் பக்கங்கள்தான் சேர்ந்து போகும், ஆனால் அது வாக்குறுதி இல்லை. ஆகவே ஒரு பக்கம் போனது தெரிந்ததும் அந்தப் படத்தின் மிச்சத்தையும் நீங்களே டோன்ட்நீட் சொல்லி விட்டுவிடுங்கள். வைத்திருப்பதில் பயனில்லை.

2024இல் வந்த 6.11 பதிப்பில் மேப்-டிராப்பபிள் என்று புதிதாக ஒன்று சேர்ந்தது. அதைப் பாவிக்கலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். வேண்டாம். ஜேசன் டொனன்பெல்ட் அதைச் சேர்த்தது சீரற்ற எண்களை வேகமாகக் கொடுப்பதற்கான நிலைத் தரவை வைக்க. அது ஸ்வாப்புக்குப் போகக் கூடாது, ஆனால் தொலைந்துவிட்டால் புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம். அங்கே எழுதினாலும் பக்கம் எறியத்தக்கதாகவே இருக்கும். பூட்டி வைக்க வழியே இல்லை. சின்ன நிலைத் தரவுக்கு அது அருமை. காட்டிக்கொண்டிருக்கும் படத்துக்கு ஆகாது.

ஃப்ரீயின் இன்னொரு குணத்தையும் முன்கூட்டியே தெரிந்து வையுங்கள். கெர்னல் எடுக்கும் வரை அந்தப் பக்கங்கள் உங்கள் கணக்கில்தான் இருக்கும். டொப் கட்டளையில் உங்கள் புரோகிராம் 2 ஜீபி தின்கிறது என்றே காட்டும், மாமா பயப்படுவார். கோ மொழிக்காரர்களுக்கு இதே தொல்லை. 2019இல் 1.12 பதிப்பில் ஃப்ரீக்கு மாறினார்கள், நினைவகம் குறையவே இல்லையே என்று பாவனையாளர்கள் குழம்பினார்கள், 2021இல் 1.16 பதிப்பில் டோன்ட்நீட்டுக்கே திரும்பினார்கள். புரொக் அடைவில் உங்கள் புரோகிராமின் எண்ணுக்குரிய இடத்தில் ஸ்மேப்ஸ் ஃபைலைப் பாருங்கள். லேசிஃப்ரீ என்ற வரியில் எவ்வளவு எறியத்தக்கதாகக் கிடக்கிறது என்று தெரியும். அதை மாமாவுக்குக் காட்டலாம்.

இனி உங்கள் கொம்பியூட்டருக்கு என்ன செய்வது? நானாக இருந்தால் மேட்வைஸைத் தொடும் முன் படத்தின் அளவைக் குறைப்பேன். திரை 1920க்கு 1080 என்றால் அதற்கு வேண்டியது 8.3 எம்பிதான். லிப்ஜேபெக் விரிக்கும்போதே பாதி, கால், அரைக்கால் அளவில் விரித்துத் தரும். அது முழுதாக விரிப்பதைவிட வேகமும் கூட. பெரிதாக்கிப் பார்க்கக் கேட்டால் மட்டும் அந்த ஒரு படத்தை முழு அளவில் விரியுங்கள். இதை மட்டும் செய்தாலே கொம்பியூட்டர் நிற்பது பெருமளவு குறைந்துவிடும் என்பது என் எண்ணம்.

அதன் பிறகு கேஷ். சீயில் வழக்கமாக நினைவகம் வாங்கும் மெலொக் கொடுக்கும் இடத்தில் ஃப்ரீ சொல்லாதீர்கள். மெலொக் தன் சொந்தக் கணக்கையும் அதே பக்கங்களில் வைத்திருக்கும். கெர்னலிடமே நேராக நினைவகம் கேட்கும் எம்மேப் கொண்டு ஒவ்வொரு படத்துக்கும் தனித் துண்டு வாங்குங்கள். தனிப்பட்டதாக, ஃபைலோடு சேராததாக இருக்க வேண்டும், மற்றவற்றுக்கு ஃப்ரீ பிழை கொடுக்கும். திரையில் உள்ள படமும் அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு படமும் ஃப்ரீ சொல்லாமலே இருக்கட்டும். அதற்கு அப்பால் போனவற்றுக்கு மட்டும் 254 குறி போட்டு ஃப்ரீ சொல்லுங்கள். படம் மாறும் ஒவ்வொரு தடவையும் எல்லாப் படத்துக்கும் சொல்லிக்கொண்டிருந்தால், கெர்னல் பக்க அட்டவணையைப் புரட்டிப் புரட்டியே நேரம் போய்விடும். கெர்னல் 4.12 அல்லது அதற்குப் பிந்தியதுதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் பொறுமை இருந்தால், 4.20இல் இருந்து கெர்னல் தரும் நினைவக அழுத்த அளவைப் படித்து, அழுத்தம் ஏறும்போது பழைய படங்களை நீங்களே முழுதாக விடலாம். எந்தப் படத்தை விடுவது என்ற தெரிவு அப்போது உங்கள் கையில். ஆனால் அதற்கு உங்கள் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மாமா அதைச் சுருக்கி வைத்துவிட்டுப் பிரவுசரில் இருக்கும் நேரத்தில் உதவுவது முன்பே போட்டு வைத்த குறிதான்.

சோதிக்கும்போது கொம்பியூட்டர் நிற்கும் வரை பிரவுசர் ஜன்னல்களைத் திறந்துகொண்டிருக்க வேண்டாம். சோதனைப் பதிப்பில் மட்டும், விட்டுவிட்ட படங்களில் எழுந்தமானமாகச் சில பக்கங்களைத் தெரிந்து டோன்ட்நீட் சொல்லுங்கள். கெர்னல் எறிந்தால் எப்படி இருக்குமோ அதே நிலை, அதே பூச்சியம், நீங்கள் விரும்பிய நேரத்தில். அப்படியே ஒரு கல்யாண அல்பத்தை முன்னும் பின்னுமாக ஆயிரம் தடவை புரட்டவிடுங்கள். ஒவ்வொரு படத்தையும் காட்டும் முன், புதிதாக விரித்த பிரதியோடு பைட் பைட்டாக ஒப்பிடச் செய்யுங்கள். ஒரு இடத்திலாவது வித்தியாசம் வந்தால், அந்த இடத்தில் எங்கேயோ கேட்காமல் வலையை வள்ளத்தில் ஏற்றியிருக்கிறீர்கள். அந்தப் பகுதியை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.